தெற்குப் பார்த்த முகம்

வெயிலில் கிடக்கும் வர்ணப் படத்தில் முதலில் அழிவது சிவப்பு. அதன் பின்னால் மஞ்சள் போகும். நீலம் மட்டும் நின்றுவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முடிவில், ரயில் பாதையை ஒட்டி நின்ற வைரவர் கோயில் வேப்பமரத்தின் அடியில் பார்த்து அறிந்துகொண்டேன்.

சாமிப் படத்தைக் குப்பையில் எறிவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கண்ணாடி வெடித்த படத்தை வீட்டில் வைத்திருப்பதும் ஆகாது. ஆகவே அப்படிப்பட்ட படங்கள் அந்த மரத்தடிக்கு வந்து சேரும். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வந்திருக்கும். விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு, குண்டு விழுந்த அதிர்வில் சுவர்க் கண்ணாடிகள் வெடித்துப்போக, மறுநாட் காலையில் மரத்தடியில் புதிய படங்கள் சாய்ந்திருக்கும். சட்டங்கள் விறகுக்கென்று முன்னரே கழற்றப்பட்டுவிடும். கடதாசி மட்டும் வெறுமையாக வெயிலுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருக்கும். சில கிழமைகளுக்குள் முருகனின் செம்மேனி போய்விடும். இலட்சுமியின் தாமரை போய்விடும். குங்குமம், பட்டு, பொன் யாவும் போய்விடும். எல்லோரும் ஒரே நீலமாகி, வேர்களின்மேல் வரிசையாகச் சாய்ந்து, வழியால் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எதிரே ரயில் பாதை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. வெறும் சல்லி மேடு தெற்கே பட்டணத்தை நோக்கி நீண்டு கிடந்தது.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பு ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியது. அதன் அட்டைகளைச் செய்வது என் பொறுப்பு. வர்ணப் பெட்டி எதுவும் கடைகளுக்கு வராத காலம் அது. பழைய கலியாண அழைப்பிதழ்களையும் பிஸ்கற் உறைகளையும் வெட்டி ஒட்டுச்சித்திரங்கள் செய்தேன். அவை தீர்ந்தபின் வேப்பமரத்தடிக்குப் போகத் தொடங்கினேன். ஒரு மயிலின் கழுத்தை வெட்டினால் அது கடலாகும். ஒரு சேலைத் தலைப்பு மழையாகும். நீலத்தில் இத்தனை பேதங்கள் இருப்பதை அந்தப் படங்கள்தான் எனக்குக் காட்டின.

முகங்களை மட்டும் நான் பயன்படுத்தவில்லை. அதற்குக் காரணம் பக்தியல்ல. எங்கள் சாமிகள் எல்லோரும் பார்ப்பவரை நேராகப் பார்ப்பவர்கள். அப்படியொரு முகத்தை ஒட்டினால், மிகுதித் தாள் முழுவதும் அந்தப் பார்வைக்குள் அடங்கிப்போகும். நான் செய்த மழையையோ கடலையோ ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் எறியவும் முடியவில்லை. வெட்டியெடுத்த முகங்களை ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டு மூடி, என் மேசைக்குக் கீழே வைத்தேன். பிற்பகல் வெக்கையில் கடதாசிகள் சுருளும்போது பேணிக்குள் மெல்லிய சரசரப்புக் கேட்கும்.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் ஒருமுறைதான் சொல்வார்.

"உதுகளை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ளை கொண்டுவாறாய்? கும்பிட்ட படங்கள்."

"கும்பிட்டு முடிஞ்ச படங்கள்தானே அம்மா."

"கும்பிட்டு முடியிறது எண்டு ஒண்டு இருக்கே?"

மறுமொழிக்கு நிற்காமல் அம்மா சமையலைப் பார்க்கக் குசினிக்குப் போனார்.

ஷெல்லடியால் கடற்கரைக் குருநகரில் குடியிருக்க முடியாமற்போனபோது அங்கிருந்து ஒரு கணவனும் மனைவியும் எங்கள் வீட்டு வளவுக்கு வந்தார்கள். வளவின் தெற்கு மூலையில் மாடு இல்லாத மாட்டுக்கொட்டில் ஒன்று இருந்தது. அதைக் கொடுப்பதற்கு அம்மா கூசினார்.

"பரவாயில்லை ரீச்சர்," என்றாள் அந்தப் பெண். "ஆண்டவரே மாட்டுக்கொட்டிலிலை பிறந்தவர். எங்களுக்கு என்ன குறை?"

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அக்கா என்று அழைத்தேன். கணவர் எனக்கு அண்ணை. அவர் அதிகம் பேசாதவர், பேசினால் சிரிக்கவைப்பார். அவருடைய சிறிய வள்ளம் கரையில் தப்பிக் கிடந்தது. கடலில் இறங்கக் கூடாது என்று கடற்படையின் தடை இருந்தது. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலைமையும் இருந்தது. பொழுது சாயும் வேளையில் பலர் ஆழமில்லாத பரவைக்கடலில் இறங்கி, விடிய மீனோடு வந்தார்கள். அண்ணையும் போக ஆயத்தமானார். அக்கா வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"வலையைத் தாடியப்பா," என்று அவர் கெஞ்சியது எங்கள் குசினிக்குக் கேட்டது.

"மாதா இல்லாமல் நான் விளக்கேத்தமாட்டன். விளக்கேத்தாமல் நீங்கள் தொழிலுக்குப் போகேலாது."

"கோயிலிலை மாதா இருக்கிறாதானே?"

"கோயில் மாதா ஊருக்குப் பொது. வீட்டு மாதாதான் உங்களைப் பாப்பா."

"அப்ப மீனை ஆர் பாக்கிறது?"

"நிவாரணப் பருப்பைத் தின்னுங்கோ."

"எந்தப் பருப்பு? முந்தநாளே முடிஞ்சுது."

விட்டுவந்த வீட்டுச் சுவரில் அவர்களுடைய மாதா படம் தங்கிவிட்டது. போய் எடுக்க வழியில்லை. பங்குச் சுவாமியாரிடம் கேட்டிருக்கிறாள், அவரிடம் கொடுக்கப் படம் இல்லை. அந்தப் படம் எப்படிப்பட்டது என்பதை அவள் எனக்குச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மா அரிக்க அரிதட்டு இரவல் கேட்டு என் அறை வாசலுக்கு வந்தவள், மேசையிற் பரவிக் கிடந்த நீலத் துண்டுகளைக் கண்டு நின்றுவிட்டாள்.

"உந்த நீலம் மாதாவின்ரை முக்காட்டு நீலம்."

"அக்கா, இதெல்லாம் எங்கடை சாமியள்."

"தெரியுது. கையிலை வேல் நிக்குது. அந்த வேலை வெட்டிப்போட்டு எனக்கொரு மாதா செய்து தாரும் பிள்ளை." பிறகு குரலைத் தணித்தாள். "எங்கடை மாதா ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு கீழை பாத்தபடி நிப்பா. கடலைப் பாக்கிறா. அவ கண்ணை எடுக்காமல் பாத்துக்கொண்டிருக்குமட்டும் கடலிலை நிக்கிற மனிசனுக்கு ஒண்டும் வராது. அவ கீழை பாக்க வேணும். அதுதான் முக்கியம்."

முக்காட்டை ஒரு பள்ளிகொண்ட பெருமாளின் பாற்கடலிலிருந்து வெட்டினேன். அங்கியின் மடிப்புகள் சரஸ்வதியின் வெண்பட்டிலிருந்து வந்தன; அந்த வெண்மையும் நீலமாகியிருந்தது. விரித்த கைகளுக்கு இலட்சுமியின் கைகள் பொருந்தின. விரல்களிலிருந்து சொரிந்த பொற்காசுகளை மட்டும் பிளேட்டால் நீக்கவேண்டியிருந்தது. மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையால், ஒரு வரைதாளில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்தேன். முகத்தின் இடம் வெறுமையாக இருந்தது.

பேணியைத் திறந்தேன். முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாமே என்னைப் பார்த்தன. சேர்த்துவைத்த அத்தனை முகங்களிலும் கீழே பார்க்கும் முகம் ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சாமிகளுக்குக் கண்ணைத் தாழ்த்தத் தெரியாது.

மறுபடியும் மரத்தடிக்குப் போய்த் தேடியதில் மீனாட்சி கலியாணப் படம் ஒன்று கிடைத்தது. மீன்போன்ற கண்ணாள் என்று பெயர் பெற்றவள், கைபிடித்துக் கொடுக்கும் வேளையில் நாணி நிலத்தைப் பார்க்கிறாள். அந்த முகத்தை வெட்டினேன். கடதாசி மிக மெல்லியது. பசை பட்டால் சுருங்கிவிடும் போலிருந்தது. அடியில் தடிப்பான தாள் ஒன்று வைக்க வேண்டும். பேணிக்குள் இருந்த ஓர் அம்மனின் முகம் தடித்த தாளில் அச்சிட்டது. இரண்டையும் பொருத்திப் பார்த்தேன். நெற்றியும் நாடியும் விளிம்பு பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. அதை ஒரு வசதி என்றே அப்போது எண்ணினேன். அம்மனின் முகத்தின்மேல் மணப்பெண்ணின் முகத்தை ஒட்டி, இரண்டையும் முக்காட்டின் நடுவில் வைத்தேன்.

அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"முகம் கொஞ்சம் வெக்கப்படுது," என்றாள். "பரவாயில்லை. மாதாவும் ஒரு காலத்திலை பெட்டைதானே."

கொட்டிலில் அதை எங்கே மாட்டுவது என்று பார்த்தபோது அம்மா வாசலில் நின்று ஒன்றை மட்டும் சொன்னார். "எந்தச் சாமியெண்டாலும் தெற்குப் பாக்க வைக்காதையும் தங்கச்சி. அது யமன்ரை திக்கு." அக்கா ஒப்புக்கொண்டு கிழக்குப் பார்க்க மாட்டினாள். அன்று மாலை வலை அண்ணையின் தோளுக்கு ஏறியது.

மெழுகுதிரி கிடைக்காது. மண்ணெண்ணெய் விலை கேட்கமுடியாது. ஜாம் போத்தலில் தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கேற்றினாள். திரியைத் தூண்டிவிட்ட விரல்களால் மாதாவின் முகத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டில் ஒற்றி முத்தி செய்வாள். அண்ணை போகும்போது ஒருமுறை. திரும்பி வந்ததும் ஒருமுறை. இடையில் எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. அவர் போவதும் வருவதுமாக ஒரு மழைக்காலம் கழிந்தது. வந்த காலைகளில் எங்கள் குசினி வாசலில் ஓலைப்பெட்டியில் மீன் இருக்கும்.

அந்தத் தவணையில் எங்களுக்கு அகத்திணை நடந்தது. நெய்தல் நிலத்துக்கு உரியது இரங்கல் என்று விரிவுரையில் எழுதிக்கொண்டேன். எங்கள் கொட்டிலில் இருந்தவள் இரங்கவில்லை. திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஏதோ மாறிவருவதை நான் கவனித்திருந்தேன். மாதாவின் தாழ்ந்த இமைகளின் கீழே ஒரு நிழல் திரண்டுகொண்டிருந்தது. விளக்குப் புகை என்று நினைத்தேன். கிழமைக்குக் கிழமை அந்த நிழல் வட்டமாகிவந்தது. புகை அப்படி வட்டமாகப் படியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் விடியும் வேளையில் பரவைக்கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. வழக்கமான சத்தந்தான். ஆனால் வெயில் ஏறியும் அண்ணை வரவில்லை. அவரோடு போன ஒருவர் சைக்கிளில் வந்து ஒழுங்கையில் ஒரு காலை ஊன்றி நின்றபடி, கடற்படை சுட்டவுடன் வள்ளங்கள் சிதறிவிட்டன, தான் வேறு திக்கில் ஒதுங்கியதால் அண்ணையைக் காணவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. சைக்கிள் போன திசையைப் பார்த்து நின்றாள். பிறகு கொட்டிலுக்குள் போனாள். சற்று நேரத்தில் எங்கள் குசினி வாசலுக்கு வந்தாள்.

"பிள்ளை, ஒருக்கா வாரும்."

போனேன். கொட்டில் இருட்டுக்குக் கண் பழகும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மாதா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

தாழ்ந்த இமைகள் அப்படியேதான் இருந்தன, மெல்லிய கோடுகளாக. அவற்றுக்கு ஊடாக, அகன்ற இரண்டு கண்கள் முழுமையாகத் திறந்து நேரே நோக்கின. மூடிய கண்ணும் திறந்த கண்ணும் ஒரே முகத்தில், ஒரே இடத்தில். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். பார்வையும் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தேன். அங்கேயும் வந்தது.

"மாதா கண் திறந்திட்டா," என்றாள் அக்கா. அவள் குரலில் மகிழ்ச்சி இல்லை.

"எண்ணெய்தான் அக்கா. உங்கடை விரலிலை இருந்த எண்ணெய் ஊறி மேல் கடதாசி கண்ணாடி மாதிரி ஆயிட்டுது. அடியிலை ஒட்டின முகம் இப்ப தெரியுது."

"அது விளங்குது. அடியிலை இருக்கிறது ஆர்?"

"அம்மன்."

"உங்கடை அம்மனோ?"

"ஓம்."

அவள் தலையசைத்தாள். யாரென்பது அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவளுடைய பயம் வேறு. "ஆரெண்டாலும் இருக்கட்டும். இவ்வளவு நாளும் அவரைப் பாத்துக்கொண்டு நிண்டவ, இப்ப என்னைப் பாக்கிறா. அப்ப அங்கை அவரை ஆர் பாக்கிறது? சொல்லும் பிள்ளை. ஆர் பாக்கிறது?" என் கையைப் பிடித்தாள். அந்த விரல்களில் எண்ணெய் இருந்தது. "கண்ணைக் கீழை இறக்கிவிடும். கெதியா. அவர் இன்னும் தண்ணிக்குள்ளைதான் நிக்கிறார்."

ஓடிப்போய்ப் பேணியைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தேன். அண்ணாந்து விழுந்த முகங்கள் எல்லாம் எங்களைப் பார்த்தன. கவிழ்ந்து விழுந்தவற்றை அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அவையும் பார்த்தன. கீழே பார்க்கும் முகம் இல்லை என்பது எனக்கு முன்னரே தெரியும். ஆயினும் அவளோடு சேர்ந்து தேடினேன். கடைசியில், வெறும் நீலத் துண்டில் இமை வடிவாக இரண்டு பிறைகளை வெட்டினேன். அவற்றில் பசை தடவும்போது வாசலில் அம்மா நின்றார்.

"என்ன செய்யிறாய்? அம்மன்ரை கண்ணை மூடப்போறியே?"

நடந்ததை அக்கா சொன்னாள். அம்மா உள்ளே வந்து படத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். நான் கொண்டுவந்த எந்தப் படத்தையும் அதுவரை அம்மா அப்படிப் பார்த்ததில்லை.

"இவ குனிஞ்சு பாக்கமாட்டா," என்றார். "எங்கடை ஆக்கள் நேரைதான் பாப்பினம். நேரை பாக்கிறவவைக் கடலுக்கு நேரை வைச்சால் சரிதானே?"

"கடல் தெற்கை ரீச்சர்," என்றாள் அக்கா. "தெற்குப் பாக்க வைக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனியள். யமன்ரை திக்கெண்டு."

"ஓம். இண்டைக்கு அங்கைதான் பார்வை வேணும்."

அம்மா தம் கையாலேயே படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். கொட்டிலின் தெற்கு வாசலில், முகம் வெளியே பார்க்க, முதுகு எங்களைப் பார்க்க, கயிற்றால் கூரை வளையில் கட்டினார். அக்கா விளக்கை எடுத்து வந்து படத்தின் பின்னால் வைத்தாள். பின் நிலத்தில் அமர்ந்து, வெறும் வரைதாளின் முதுகைப் பார்த்துச் செபமாலை சொல்லத் தொடங்கினாள். அம்மாவும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தச் செபம் அம்மாவுக்குத் தெரியாது. உதடுகள் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.

பொழுதுபட்டபோது தண்ணீர் எடுக்க வெளியே போனவள் வேலிப் படலையடியில் திரும்பிப் பார்த்தேன். கொட்டில் வாசல் இருண்டிருந்தது. எண்ணெய் ஊறிய இடம் மட்டும் பின்னாலிருந்த விளக்கின் ஒளியை விட்டது. முக்காடு தெரியவில்லை. கைகள் தெரியவில்லை. இருட்டின் நடுவே ஒரு நீல முகம், அதில் இரண்டு கண்கள். அவை வேலியையும் ஒழுங்கையையும் தாண்டித் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தன. நான் தண்ணீரை அள்ளாமலே வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அண்ணை மறுநாள் நடுப்பகலில் வந்தார். வள்ளத்தைக் கைவிட்டு, கண்டற் செடிகளுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, பின் கரையேறி, ரயில் பாதைச் சல்லி மேட்டால் நடந்து வந்திருக்கிறார். ஒழுங்கையைச் சுற்ற அவருக்கு வலுவில்லை. பாதைப் பக்கத்து வேலியில் ஓலை கிழிந்த பொட்டால் குனிந்து நுழைந்து, கொட்டிலின் பின்புறத்தால் உள்ளே வந்தார். அக்கா படத்தின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். தன் முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. நானும் அம்மாவும் கண்டோம். அவருடைய தோல் ஊறி வெளிறியிருந்தது. அவர்தானா என்று ஒரு கணம் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"எடியே," என்றார். "சோறு கிடக்கே?"

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அடித்தாள். தலையைத் துவட்டினாள். அம்மா எங்கள் வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் தின்று முடித்து, சுவரில் சாய்ந்து, முதன்முறையாகப் படத்தைக் கவனித்தார்.

"ஏனப்பா, மாதா என்னோடை கோவமே? முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறா." எழுந்து போய் அதைத் திருப்பக் கை வைத்தார்.

"தொடாதேங்கோ!"

"ஏன்? நான் வந்திட்டன்தானே."

"நீங்கள் பொட்டாலை வந்திட்டியள்," என்றாள் அக்கா. "அது அவவுக்கு இன்னும் தெரியாது."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். பிறகு கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை நூலகத்திலிருந்து திரும்பும்போது, ஒழுங்கை முனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கினேன். கொட்டில் வாசலில் நீல முகம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அவர்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. அண்ணையின் இருமல் கேட்டது. படலையை நோக்கி நடந்தேன். எங்கு நகர்ந்தாலும் கூட வரும் கண்கள் அவை. அன்றைக்கு அவை என்னோடு வரவில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால், இன்னும் வரவேண்டிய யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. படலையைத் திறக்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கை முடிவில் சல்லி மேடு தெற்கே நீண்டு, வெறுமையாகக் கிடந்தது.